காய்கறிச் சாகுபடியில் மண், பூச்சி, நோய்: எதை எப்போது செய்வது

காய்கறித் தோட்டத்தில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் புதிதாக இறங்கியவர்கள் முதலில் கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். அதற்கான பதில் இங்கே எட்டாவது படியில்தான் வருகிறது. வேர்முடிச்சு நூற்புழு, பாக்டீரியா வாடல், நச்சுயிரி (வைரஸ்) நோய் என விளைச்சலை அடியோடு விழுங்கும் பல சிக்கல்களுக்கு, நட்ட பிறகு உருப்படியான தீர்வு கிடையாது. அதனால் நட்டபின் திருத்த முடியாதவற்றை முதலிலும், திருத்தக்கூடியவற்றைப் பிறகும் வைத்து இந்த வரிசையை அமைத்திருக்கிறேன். வரிசையை மாற்றினால் செலவு கூடும், பலன் குறையும்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ், ஒரு நோட்டு, அளவுக் குவளை, கூர்மையான கத்தி, பூச்சி மருந்துக்கு ஒன்றும் களைக்கொல்லிக்கு ஒன்றுமாக இரண்டு தெளிப்பான்கள். ஒரே தெளிப்பானைக் கழுவிக் கழுவி இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். டேங்க்கில் ஒட்டியிருக்கும் 2,4-டி களைக்கொல்லியின் எச்சமே தக்காளி இலையைச் சுருட்டிவிடும்.

1. நடவுக்கு மூன்று மாதம் முன்பு மண் மாதிரி எடுங்கள்

மூன்று மாதம் எதற்கு? அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இட வேண்டி வந்தால், அது மண்ணோடு வினைபுரிந்து பலன் தர இரண்டு மூன்று மாதம் ஆகும். நடவுக்கு முந்தின வாரம் இட்ட சுண்ணாம்பு அந்தப் பயிருக்குப் பெரிதாக உதவாது.

ஒரே மாதிரியான நிலத்துக்கு ஒரு மாதிரி போதும். மேடும் பள்ளமும், செம்மண்ணும் கருமண்ணும் கலந்த நிலமாக இருந்தால் தனித்தனியாக எடுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' வடிவில் 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் இப்படி எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்துக் குறைத்து அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி வேண்டாம், நுண்ணூட்ட முடிவு தப்பாக வரும். வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மாதிரியை நிழலில் உலர்த்துங்கள்.

முடிவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தழை, மணி, சாம்பல் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) சத்துகளின் அளவை அல்ல, கார அமில நிலையை. பெரும்பாலான காய்கறிகளுக்கு அது 6க்கும் 7க்கும் இடையில் இருப்பது நல்லது. அது விலகியிருந்தால் மண்ணில் மணிச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இட்ட உரத்தையே திரும்பத் திரும்ப இட்டுக்கொண்டிருப்பீர்கள். அடுத்தது உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்துத் திறன். பீன்ஸ், கேரட், வெங்காயம் ஆகியவை உப்பைத் தாங்காதவை, தக்காளி ஓரளவு தாங்கும். உப்பு மண்ணில் பீன்ஸ் போட்டுவிட்டு இலைக் கருகலுக்குப் பூஞ்சாணக்கொல்லி அடிப்பது வீண் வேலை. பாசனத் தண்ணீரையும் கூடவே பரிசோதித்துவிடுங்கள்.

2. பழைய பயிரின் வேரைப் பார்க்காமல் உழாதீர்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. முந்தைய பயிர் காய்ந்ததும் டிராக்டரை விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நிலம் சொல்ல வந்த சேதி மண்ணுக்குள் போய்விடும்.

வயல் முழுக்கப் பரவலாக இருபது செடிகளையாவது மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். கையால் இழுத்தால் சல்லிவேர் மண்ணிலேயே தங்கிவிடும், பார்க்க வேண்டியதே அதைத்தான். வேரைத் தண்ணீரில் அலசுங்கள். வேர் மணி கோத்ததுபோல் ஆங்காங்கே வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. பயறுவகைச் செடியாக இருந்தால் குழப்பம் வரும், ஏனென்றால் அவற்றின் வேரில் நன்மை செய்யும் முடிச்சும் உண்டு. விரலால் தேய்த்துப் பாருங்கள். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே பருத்தது, உதிராது.

எந்தப் பகுதியில் முடிச்சு, எங்கே வாடல் வந்தது என்பதை நோட்டில் வயலின் படம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படியே இந்தப் படத்தை வைத்துத்தான்.

3. அடுத்த பயிரை முடிவு செய்வது

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பின் ஒன்று நட்டால் பயிரை மாற்றியதாக ஆகாது. முட்டைக்கோசுக்குப் பின் காலிஃபிளவர், பாகலுக்குப் பின் பூசணி என்பதும் அப்படித்தான். இடையில் வேறு குடும்பத்துப் பயிர்களாக இரண்டு மூன்று ஆண்டுகளாவது கழிய வேண்டும்.

குடும்பத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். வெண்டை தக்காளியின் குடும்பம் இல்லை, ஆனால் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு இரண்டுமே விருந்து. வெள்ளரி வகைகளும் கேரட்டும் அப்படியே. ஆகவே 'எந்தக் குடும்பம்' என்பதோடு நிறுத்தாமல், 'என் மண்ணில் இருக்கும் சிக்கலுக்கு இந்தப் பயிர் இரையாகுமா' என்று கேளுங்கள். நூற்புழு இருந்தால் சணப்பையோ துலுக்கச் செவ்வந்தியோ நெருக்கமாக, வயல் முழுக்க, குறைந்தது இரண்டு மாதம் நிற்க வேண்டும். வரப்பில் நாலு செவ்வந்தி நட்டால் மண்ணுக்குள் இருக்கும் நூற்புழு குறையாது.

பாக்டீரியா வாடல் வந்த இடத்தில் நான் கத்தரிக் குடும்பத்தையே நட மாட்டேன். நட்டே ஆக வேண்டுமென்றால் எதிர்ப்புத்திறன் கொண்ட கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்று ஒரு வழி. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட வேண்டும். புதைந்தால் மேல்தண்டு வேர்விட்டு, ஒட்டுக்கட்டியதன் பயனே போய்விடும்.

4. மண்ணைத் தயார் செய்தல்: இங்கே அவசரப்பட வேண்டாம்

முதலில் பசுந்தாள். சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கத் தொடங்கும்போது, அதாவது சுமார் 40 முதல் 45 நாளில், மடக்கி உழுங்கள். முற்றவிட்டால் தண்டு நாராகி மட்கத் தாமதமாகும். மடக்கிய உடனே நடக் கூடாது, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பச்சையாக அழுகும் பொருளில் நாற்றழுகல் உண்டாக்கும் பித்தியம் கிருமி பெருகும், இளநாற்றுகள் அதற்கு முதல் பலி. காய்ந்த வைக்கோல், மக்காச்சோளத் தட்டை போன்றவற்றை மண்ணில் கலப்பவர்களுக்கு வேறு தொல்லை: அதை மட்க வைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் பயிர் சில வாரம் வெளுத்து நிற்கும்.

அடுத்து வெயிலூட்டம். கோடையில் நிலம் சும்மா கிடந்தால் இதைச் செய்துவிடுங்கள். மண்ணைப் பொடியாக்கி, சமப்படுத்தி, நன்றாக நீர் பாய்ச்சி, 25 முதல் 50 மைக்ரான் கனமுள்ள தெளிவான பாலிதீன் தாளை இழுத்துப் பரப்பி, ஓரங்களை மண்ணால் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். ஈர மண்தான் வெப்பத்தை உள்ளே கடத்தும். காய்ந்த மண்ணின் மேல் தாள் போட்டால் பலன் பாதிகூட வராது. கறுப்புத் தாள் தானே சூடாகுமே தவிர, தெளிந்த தாள் அளவுக்கு மண்ணைச் சூடாக்காது. களை விதைகளும் மேல்மண்ணில் இருக்கும் பூஞ்சைகளும் நன்றாகக் குறையும். ஆழத்தில் இருக்கும் நூற்புழு தப்பித்துப் பிறகு மேலே வரும், எனவே இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தாளை எடுத்தபின் ஆழமாக உழவும் கூடாது, சுத்தமாகாத அடிமண் மேலே வந்துவிடும்.

மட்கிய தொழு உரமும், நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையும் வெயிலூட்டத்துக்குப் பிறகுதான். முன்னாடியே போட்டால் நல்ல பூஞ்சையும் சேர்ந்து வெந்துவிடும். தொழு உரம் எக்டருக்கு 20 முதல் 25 டன். மட்காத சாணம் வேண்டாம், அது வேர்ப்புழுவையும் களை விதையையும் கூட்டிவரும், மனிதருக்கு நோய் தரும் கிருமிகளும் அதில் இருக்கலாம். கையில் அள்ளிப் பார்த்தால் சூடு இருக்கக் கூடாது, மண்வாசனை வர வேண்டும்.

டிரைக்கோடெர்மா விரிடி எக்டருக்கு 2.5 கிலோ. அதை 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து, பிசைந்தால் உருண்டை பிடிக்கும் அளவு ஈரத்தோடு, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி, பத்துப் பதினைந்து நாள் வைத்திருந்து, நடுவில் ஒருமுறை கிளறிவிட்டுப் பிறகு வயலில் இடுங்கள். பாக்கெட்டைப் பிரித்து நேராக மண்ணில் தூவுவதில் பெரிய பயன் இல்லை. முதலில் அது பெருகுவதற்கு உணவு வேண்டும். இட்ட இடத்தில் அடுத்த இரண்டு வாரத்துக்குப் பூஞ்சாணக்கொல்லி ஊற்ற வேண்டாம். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், இதை மறந்துவிட்டு ஒரே நாளில் கார்பெண்டசிமும் அதுவும் இடுபவர்கள் நிறைய.

கடைசியாக, மேட்டுப்பாத்தி. வாடல், அழுகல் நோய்களில் பாதிக்கு மேல் தண்ணீர் தேங்குவதோடு சேர்ந்துதான் வருகின்றன என்பது என் அனுபவம். வடிகாலை வெட்டிவிட்டுத்தான் பாத்தி போடுவது.

5. நாற்று

நச்சுயிரி நோய் பெரும்பாலும் நாற்றங்காலிலேயே ஏறிவிடுகிறது. சின்ன வயதில் தொற்றிய செடியிலிருந்து விளைச்சல் கிடைக்காது என்பதால் நாற்றங்காலை மூடும் பூச்சி வலைக்குச் செய்யும் செலவு வீணாகாது. 50 மெஷ் வலை வெள்ளை ஈயைத் தடுக்கும், ஆனால் இலைப்பேன் அதிலும் நுழையும். அதனால் வலைக்குள் ஒட்டும் பொறியும் மாட்டுங்கள். வலையைத் திறந்து போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் வலை கட்டியதே வீண்.

விதைக்கு ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி அல்லது உயிரி மருந்து, ஏதாவது ஒன்று. உயிரி என்றால் கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். முட்டைக்கோசு விதையில் கருப்பழுகல் பாக்டீரியா உள்ளுக்குள்ளேயே இருக்கலாம். அதற்கு 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் ஊறவைத்து உடனே குளிர்ந்த நீரில் போட்டு உலர்த்துவது பழைய, நல்ல முறை. வெப்பமானி இல்லாமல் கைப்பதத்தில் செய்தால் ஒன்று கிருமி சாகாது, இல்லை விதை செத்துவிடும். ஏற்கெனவே மருந்து பூசி வந்த விதைக்கு இதைச் செய்யக் கூடாது.

குழித்தட்டு நாற்றுக்குக் காலையில் தண்ணீர் விடுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுக்க ஈரம் நின்று கழுத்தழுகல் வரும்.

6. நடவும் முதல் முப்பது நாளும்

தக்காளிக்குக் காய்ப்புழு பெரும் தொல்லையென்றால், 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை உயரமான துலுக்கச் செவ்வந்தி நடுவது நன்கு நிரூபணமான முறை. இதில் நுணுக்கம் வயதில் இருக்கிறது. 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் செவ்வந்தி நாற்றை நட வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே சமயம் பூத்து, தாய் அந்துப்பூச்சி முட்டையிடச் செவ்வந்தியைத் தேடிப் போகும். ஒரே நாளில் விதைத்தால் தக்காளி முந்திக்கொள்ளும். வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளமோ சோளமோ முன்கூட்டியே விதைத்திருந்தால் வெள்ளை ஈயும் அசுவினியும் உள்ளே வருவது மட்டுப்படும். மண்மேல் விரிக்கும் வெள்ளி நிற நிலப்போர்வைத் தாளும் ஒளியைத் திருப்பி அவற்றைத் திசைமாற்றும், ஆனால் இலை தரையை மூடும் வரைதான்.

தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டுத் தளதளவென்று வளர்த்த செடியின் இளஞ்சாற்றைத்தான் சாறு உறிஞ்சும் பூச்சிகள் தேடி வருகின்றன. தண்ணீரையும் ஒரே சீராக விடுங்கள். ஒரு வாரம் காயப்போட்டு மறுவாரம் முழுக்காட்டினால் தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிவிழும். பார்ப்பதற்கு அழுகல் நோய்போல் இருக்கும். உண்மையில் சீரில்லாத பாசனத்தால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராத குறை அது. எந்தப் பூஞ்சாணக்கொல்லியும் அதைச் சரிசெய்யாது.

7. வாரம் இரண்டு முறை வயலைச் சுற்றுங்கள்

ஐந்து இடம், இடத்துக்கு ஐந்து செடி. ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் இலை ஒவ்வொன்றைத் திருப்பிப் பாருங்கள். வரப்பில் நின்று பார்ப்பது பார்ப்பதாகாது. வெள்ளை ஈ, சிலந்திப்பேன், அசுவினி எல்லாம் இலைக்கு அடியில்தான். இளம்பயிர் வயலுக்கு முதலில் போங்கள், நோய் வந்த வயலுக்குக் கடைசியில். இலை நனைந்திருக்கும்போது பயிருக்குள் நடக்காதீர்கள், பாக்டீரியா நோய்கள் கையோடும் உடையோடும் பரவும். புகையிலை தொட்டவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவாமல் தக்காளி, மிளகாயைத் தொடக் கூடாது, புகையிலைத் தேமல் நச்சுயிரி அப்படித்தான் வருகிறது.

எக்டருக்கு 12 இனக்கவர்ச்சிப் பொறியும் (பெண் பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சியை இழுப்பது) 12 மஞ்சள் ஒட்டும் பொறியும் மாட்டி, எத்தனை விழுந்தது என்று எழுதிவாருங்கள். கவர்ச்சிக் குப்பியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குப்பி தீர்ந்துபோன பொறி காலியாக இருப்பதைப் பார்த்து பூச்சியே இல்லை என்று நிம்மதியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

நன்மை செய்யும் பூச்சிகளையும் எண்ணுங்கள். பொறிவண்டின் புழு கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலைபோல் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மருந்து அடிப்பது அடிக்கடி நடக்கிறது. அது தின்பது அசுவினியை. அசுவினிக் கூட்டத்தின் நடுவே சில உடல்கள் உப்பி, பழுப்பாக, அசையாமல் இருந்தால் அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. அப்படி நிறையத் தெரிந்தால் சில நாள் பொறுங்கள்.

கத்தரியில் நுனித்தண்டு தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. தொங்கிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே கிள்ளி, பையில் சேர்த்து அழியுங்கள். கிள்ளி அங்கேயே போட்டால் புழு வெளியே வந்துவிடும்.

8. மருந்துக்கு முன் பெயரை உறுதி செய்யுங்கள்

செடி பகலில் பச்சையாகவே திடீரென்று வாடுகிறதா? தரைக்குச் சற்று மேலே தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுமுனை மட்டும் முங்கும்படி பிடியுங்கள். டம்ளரை ஆட்டாதீர்கள். சில நிமிடத்தில் வெட்டுமுனையிலிருந்து பால்போன்ற வெள்ளை இழைகள் கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல். இழை வரவில்லை, தண்டைப் பிளந்தால் நீர் கடத்தும் குழாய்கள் பழுப்பாக இருக்கின்றன, கீழ் இலைகள் பெரும்பாலும் ஒரு பக்கமாக மஞ்சளாகத் தொடங்கின என்றால் பியூசேரியம் வாடல். இரண்டும் இல்லையென்றால் வேரைத் தோண்டி நூற்புழு முடிச்சு இருக்கிறதா பாருங்கள். பாக்டீரியா வாடலுக்குப் பூஞ்சாணக்கொல்லி பயன்படாது. செடியை மண்ணோடு அகற்றி, அந்த வரிசையின் பாசன நீர் மற்ற வரிசைக்குப் போகாமல் திருப்பிவிடுவதுதான் செய்யக்கூடியது.

இலையில் மேற்புறம் வெண்பொடி பூத்திருந்தால் சாம்பல் நோய். மேலே நரம்புகளுக்கு இடையில் கட்டம் கட்டமாக மஞ்சள், திருப்பினால் கீழே சாம்பலோ ஊதாவோ படர்ந்திருந்தால் அடிச்சாம்பல் நோய். பெயரில் ஒரு சொல்தான் கூடுதல், மருந்து முற்றிலும் வேறு. அடிச்சாம்பல், தக்காளியின் பின்பருவ இலைக்கருகல் இரண்டையும் உண்டாக்குபவை உண்மையான பூஞ்சைகள் அல்ல. கார்பெண்டசிமும் டிரைஅசோல் வகைகளும் அவற்றிடம் செல்லாது. முன்பருவ இலைக்கருகல் கீழ் இலைகளில் வளையம் வளையமாகத் தொடங்கும், பின்பருவக் கருகல் குளிர்ந்த ஈரமான நாட்களில் நீர் ஊறியதுபோல் தொடங்கிச் சில நாளில் வயலையே கருக்கும்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்திப்பேன். லென்ஸ் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். சிலந்திப்பேனுக்குப் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி அடித்தால் அதைத் தின்னும் பூச்சிகள் செத்து, பேன் இன்னும் பெருகும்.

சரி, மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. லேபிளில் வணிகப் பெயரைவிட முக்கியமானது செயல்முறைக் குழு எண், அதாவது மருந்து எந்த வழியில் கொல்கிறது என்பதைக் காட்டும் எண். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்ஸாம், அசிட்டாமிபிரிட் மூன்றுமே 4ஏ குழு. மூன்றையும் மாற்றி மாற்றி அடித்தாலும் பூச்சிக்கு அது ஒரே மருந்துதான், அதைத் தாங்கப் பழகிவிடும். அசாக்சிஸ்ட்ரோபினும் டிரைபுளாக்சிஸ்ட்ரோபினும் அதேபோல் பூஞ்சாணக்கொல்லிகளில் 11ஆம் குழு. எண் மாற வேண்டும், பெயர் அல்ல.

கலக்கும் வரிசையும் முக்கியம். பாதி டேங்க் தண்ணீர், முதலில் தூளும் குருணையும், அப்புறம் கெட்டித் திரவம், அதன்பின் எண்ணெய்க் கரைசல், கடைசியில் ஒட்டும் திரவம். இரண்டு மருந்து சேருமா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து அரைமணி நேரம் வையுங்கள். திரிந்தாலோ அடியில் படிந்தாலோ வேண்டாம். கந்தகமும் எண்ணெயும் இரண்டு வார இடைவெளிக்குள் கூடாது, இலை பொசுங்கும். வேப்பங்கொட்டைக் கரைசலை லிட்டருக்கு 50 கிராம் கணக்கில், மாலையில், இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். வெயிலில் வேம்பின் மருந்துப் பொருளான அசாடிராக்டின் சிதைந்துவிடும். பூக்கும் பயிருக்கு எந்த மருந்தையும் மாலையில் அடித்தால் தேனீக்களுக்கும் ஆபத்து குறைவு. கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, காற்று வரும் பக்கம் முதுகைக் கொடுத்து அடியுங்கள்.

9. பறிப்பும் அதற்குப் பிறகும்

வெண்டை, வெள்ளரி போன்றவற்றை ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்கிறீர்கள். லேபிளில் காத்திருப்புக் காலம் (தெளித்த பின் பறிக்கும் வரை விட வேண்டிய நாட்கள்) ஏழு நாள் என்று போட்டிருந்தால் பறிப்பு தொடங்கிய பிறகு அந்த மருந்துக்கு உங்கள் தோட்டத்தில் இடமே இல்லை. ஆகவே நீண்ட காத்திருப்பு உள்ளவற்றைப் பூக்கும் முன்னரே முடித்துக்கொண்டு, பறிப்புக் காலத்துக்கு உயிரி மருந்துகளையும் குறைந்த காத்திருப்பு உள்ளவற்றையும் ஒதுக்கி வையுங்கள். தெளித்த நாளை ஒரு சீட்டில் எழுதி அந்தப் பாத்தியின் முகப்பிலேயே கட்டிவிட்டால், பறிக்க வரும் ஆட்களுக்கும் தெரியும்.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடியை வயலிலேயே நிற்க விடாதீர்கள். விலை இல்லை என்று கைவிட்ட தோட்டத்திலிருந்துதான் பக்கத்து இளம்பயிருக்கு வெள்ளை ஈயும் இலைச்சுருள் நச்சுயிரியும் போகின்றன. நோயில்லாத செடியை மட்கு குழிக்கு அனுப்பலாம். நூற்புழு முடிச்சு உள்ள வேரையும் வாடல் வந்த செடியையும் அதில் சேர்க்காமல் வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள். தாங்குகுச்சியை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் ஒட்டியிருக்கும் மண்ணை முதலில் கழுவி எடுத்துவிட்டுத்தான் பிளீச்சிங் கரைசலில் முக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் பிளீச்சிங்கின் வீரியம் அதிலேயே தீர்ந்துவிடும். பழைய கட்டுக்கயிற்றைச் சேமிக்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.